பதினைந்தாவது ஆள்

போண்டாவை வைத்துப் பொருளாதாரம் நடத்தலாம் என்ற யோசனை என்னுடையதுதான். அதற்கு வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பிளஸ் ஒன் புத்தகத்தில் ‘குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி’ என்று ஒன்று இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் வகுப்பில் பாதிப் பேருக்குக் கொட்டாவி வந்துவிடும். விஷயம் என்னவோ சின்னதுதான். பசித்தவனுக்கு முதல் போண்டா அமிர்தம், இரண்டாவது ருசி, ஐந்தாவது சுமை, எட்டாவது தண்டனை. ஒன்று கூடக் கூட அடுத்ததன் மதிப்பு குறையும். இதற்கு எதற்குக் கரும்பலகை, பள்ளிக்கூட வாசலில் டீக்கடை வைத்திருக்கும் மாரியப்பனிடம் சொன்னால் போதாதா என்று நினைத்தேன்.

இன்னொரு காரணமும் இருந்தது. அன்றைக்குக் காலையில்தான் தலைமையாசிரியர் தர்மன் சார் என்னைக் கூப்பிட்டுத் தலையில் குண்டைத் தூக்கிப் போட்டிருந்தார்.

“சுகுணா டீச்சர், உங்க குரூப்புல பதினாலு பேரு. பதினஞ்சு இல்லாம குரூப்பை ஓட்ட முடியாதுங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் லிஸ்ட் அனுப்பியாகணும்.”

“பதினஞ்சு வரலைன்னா என்னங்க சார் ஆவும்?”

“புள்ளைங்களை வேற குரூப்புல சேத்துருவோம். உங்களுக்குப் பணி நிரவல்.”

பணி நிரவல் என்பது, வேண்டாத இடத்தில் இருக்கும் ஆசிரியரைப் பிடுங்கி ஆளில்லாத இடத்தில் நடுவது. காலியிடம் பென்னாகரத்தையும் தாண்டிப் போய் இருந்தது. அரூருக்கும் கம்பைநல்லூருக்கும் நடுவே இருக்கும் எங்கள் ஊரிலிருந்து மூன்று பஸ் மாற வேண்டும். என் பெண் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நான் திரும்பி வருவதற்குள் தூங்கிவிடுவாள். அது ஒரு பக்கம். இந்தப் பொருளாதார குரூப்பைத் திறப்பதற்கு நான் ஏழு வருஷம் கெஞ்சியிருக்கிறேன். ஒரே ஒரு ஆள் குறைகிறது என்று மூடினால் என் வயிறு எரியாதா? தர்மன் சார் இதையெல்லாம் ரகசியமாகத்தான் சொன்னார். ஆனால் அவர் ரகசியம் பேசினால் ரோட்டில் போகிற லாரி டிரைவருக்கும் கேட்கும்.

மூன்றாவது பீரியடில் தாம்பாளம் நிறைய போண்டாவோடு வகுப்புக்குள் போனேன். பதினாலு பேரும் வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றாக எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். சோதனைக்கு ஒரு ஆள் வேண்டும் என்றேன். கடைசி பெஞ்சுப் பூவரசன் கையைத் தூக்கவில்லை, நேராக நடந்தே வந்துவிட்டான். ஒவ்வொரு போண்டா சாப்பிட்டதும் அது எவ்வளவு திருப்தி தந்தது என்று பத்துக்கு மார்க் போட வேண்டும், அவ்வளவுதான்.

முதல் போண்டாவுக்குப் பத்து போட்டான். இரண்டாவதற்கும் பத்து. நான்காவதற்கும் பத்து. ஏழாவது போண்டாவில் அவன் கண் பிதுங்கியது, நெற்றி வியர்த்தது, சட்டைப் பொத்தான் கெஞ்சியது. “பத்துங்க டீச்சர்” என்றான். விதியை எழுதியவர்கள் பூவரசனைப் பார்த்ததில்லை. மற்ற பிள்ளைகள் தங்கள் பங்கு கண்ணெதிரே கரைவதைப் பார்த்துக் கொதித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை.

அப்போது ஜன்னல் பக்கம் இருந்து ஒரு குரல் வந்தது.

“டீச்சர், மார்க் கொறைஞ்சா போண்டா நின்னு போயிரும்னு அவனுக்குத் தெரியுமுங்க. அப்புறம் எப்பிடிங்க கொறைச்சுப் போடுவான்? சும்மா குடுத்தா அப்பிடித்தான். அடுத்த போண்டாவுக்கு ஒரு பக்கம் எழுதணும்னு சொல்லிப் பாருங்க.”

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் திருமால். பயாலஜி குரூப். சித்தேரி மலையிலிருந்து வந்து இங்கே விடுதியில் தங்கிப் படிக்கிறவன். அவன் பயாலஜி சார் அன்றைக்கு லீவு, அதனால் வாசனை பிடித்து வந்திருக்கிறான். நான் பூவரசனைப் பார்த்து, “எட்டாவது போண்டா வேணும்னா ஒரு பக்கம் கட்டுரை” என்றேன். அவன் கையில் எடுத்த போண்டாவைப் பத்திரமாகத் தாம்பாளத்தில் திருப்பி வைத்தான்.

“வயிறு சரியில்லீங்க டீச்சர்” என்றான்.

பன்னிரண்டு வருஷமாக நான் தொண்டை வற்றச் சொல்லும் விஷயத்தை அந்தப் பையன் ஜன்னலுக்கு வெளியே நின்று இரண்டு வரியில் முடித்துவிட்டான். மிச்சம் இருந்ததை எல்லோருக்கும் பங்கு போட்டபோது அவனுக்கும் ஒன்று கொடுத்தேன். என் பதினைந்தாவது ஆள் இவன்தான் என்று அந்த நிமிஷமே தீர்மானித்துவிட்டேன்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் மனசு உறுத்தியது. என் வேலை தப்புவதற்காக, பயாலஜி படிக்கிற பிள்ளையை இழுத்து வரலாமா? இரண்டு நிறுத்தம் வரைக்கும் யோசித்தேன். மூன்றாவது நிறுத்தத்தில், கேட்டுப் பார்ப்பதில் என்ன தப்பு என்று சமாதானம் ஆகிவிட்டது. என் மனசாட்சி எப்போதும் பக்கத்து ஊர் வரைக்கும்தான் டிக்கெட் எடுக்கும்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை மணியடிப்பதற்கு முன்னால் கலைமதி ஆசிரியர் அறைக்கு வந்து நின்றாள். முதல் பெஞ்சு, இரட்டைச் சடை, குரலை உயர்த்தியே பேசாத பெண். அவள் அப்பா நஞ்சப்பன் மாட்டுத் தரகர். அவள் பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டாள், கையைப் பார்ப்பாள்.

“டீச்சர், திருமாலை நம்ம குரூப்புக்குக் கேக்கப் போறீங்களா?”

“உனக்கு யாரு சொன்னது?”

“எச்.எம். சார் சொன்னாருங்க. ஆளு கொறையுதுன்னு உங்ககிட்ட சொன்னப்ப கிரவுண்டுல இருந்தோம். அப்புறம் நீங்க திருமாலுக்குப் போண்டா குடுத்தப்பவே தெரிஞ்சுதுங்க.” கூடவே, “நீங்க நேரா போயிக் கேக்காதீங்க டீச்சர். தேடிக்கிட்டுப் போனா வெல ஏறிப்போயிரும். நான் பேசிப் பாக்கட்டுங்களா?” என்றாள்.

“என்னடி, மாடா அவன்?”

“அப்பிடி இல்லீங்க. அவனைத் தவிர வேற ஆளு இல்லைன்னு அவனுக்குத் தெரிஞ்சா என்னங்க ஆவும்? நீங்கதானுங்க கிராக்கி பாடத்துல சொன்னீங்க.”

சொன்னேன்தான். தக்காளியை வைத்துச் சொன்னேன். எனக்கே திரும்பி வரும் என்று தெரிந்திருந்தால் கத்தரிக்காயை வைத்துச் சொல்லியிருப்பேன்.

அவள் பையிலிருந்து ஒரு பழைய கட்டம் போட்ட துண்டை எடுத்தாள். எங்கள் பக்கத்து மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. தரகர் வாங்குகிறவர் கைமேல் துண்டைப் போட்டு, அதற்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசுவார். ஒரு விரல் பிடித்தால் ஒன்று, இரண்டு பிடித்தால் இரண்டு. ஆயிரமா பத்தாயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே தெரியும். பிறகு விற்கிறவரிடம் போய் அதே மாதிரி இன்னொரு பேச்சு. சுற்றி நூறு பேர் நின்றாலும், யார் எவ்வளவு இறங்கினார், யார் எவ்வளவு ஏறினார் என்பது தரகர் ஒருவருக்குத்தான் தெரியும்.

கலைமதி என் கைமேல் துண்டைப் போட்டாள். “அவன் என்ன கேட்டாலும் எத்தனை வரைக்கும் ஒத்துக்குவீங்க டீச்சர்? வாயில சொல்லாதீங்க.”

பிளஸ் ஒன் படிக்கிற பெண்ணிடம் ஒரு முதுகலை ஆசிரியர் துண்டுக்கு அடியில் கை கொடுப்பதா என்று யோசித்தேன். பென்னாகரம் பஸ் நினைவுக்கு வந்தது. மூன்று விரலைக் கொடுத்தேன். மூன்று கோரிக்கை வரைக்கும் சரி.

“ஒரு விஷயமுங்க டீச்சர். பேச்சு முடியிற வரைக்கும் நீங்க அவன்கிட்ட இதைப் பத்திப் பேசக் கூடாது. வாங்குறவங்களும் விக்கிறவங்களும் நேரா பேசிக்கிட்டா யாவாரம் கெட்டுப்போயிரும்.”

“உங்க அப்பா சொல்லிக் குடுத்ததா?”

“அவரு எங்கீங்க சொல்லிக் குடுக்கறாரு. பெங்களூர்ல அத்தைக்கு ரெட்டைப் புள்ளை பொறந்திருக்குது. ஒரு வாரமா அதே பேச்சுத்தான் வூட்டுல.” துண்டை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

மதியம் முதல் கோரிக்கை வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் வகுப்புக்குப் போண்டா. தனியாகச் சாப்பிட்டால் அவனுக்கு இறங்காதாம், அதனால் எல்லோருக்கும். எனக்குப் பையன் மேல் மதிப்பு கூடியது. சரி என்று ஒரு விரலை அழுத்தினேன். சாயங்காலம் இரண்டாவது வந்தது. திங்கட்கிழமை திடீர்த் தேர்வு வைக்கக் கூடாது. பயாலஜியில் இருக்கிறவனுக்கு என் திங்கட்கிழமைத் தேர்வு எப்படித் தெரியும் என்று ஒரு நொடி தோன்றியது. அவசரத்தில் இருக்கிறவளுக்கு ஒரு நொடிக்கு மேல் எதுவும் தோன்றாது. இரண்டாவது விரலையும் கொடுத்தேன்.

புதன்கிழமை வகுப்பில் பூகம்பம் வந்தது. அதற்கும் நானே காரணம். இறுதிநிலை என்றால் கடைசியாகச் சேர்கிற ஒன்று, மொத்த மதிப்பும் அந்தக் கடைசி ஒன்றில் தொங்கலாம் என்று விளக்கினேன். பஸ்ஸில் கடைசியாக ஏறுகிற ஆளுக்காகத்தான் டிரைவர் காத்திருக்கிறார் என்று உதாரணம் வேறு சொன்னேன். பாடம் நன்றாகப் புரிந்துவிட்டது. பூவரசன் எழுந்தான்.

“டீச்சர், திருமால் வந்தா அவன் பதினஞ்சாவது ஆளு. சரிங்களா?”

“சரி.”

“அவன் வந்தப்புறம் நான் போயிட்டா மறுபடியும் பதினாலுங்க. அப்ப நானும் பதினஞ்சாவது ஆளுதானுங்க.”

பதினாலு தலைக்குள்ளும் கணக்கு ஓடுவது எனக்குக் கேட்டது. மாதவராஜ் எழுந்து, தானும் பதினைந்தாவது ஆள்தான் என்றும், எனவே அவன் அப்பாவுக்கு இனி போன் போட்டு எதுவும் சொல்லக் கூடாது என்றும் அறிவித்தான். பிரியதர்ஷினிக்கு ஃபேனுக்கு நேர் கீழே இடம் வேண்டும். பின்னால் இருந்து ஒருவன் தனக்கு எதுவும் வேண்டாம், ஆனால் தானும் பதினைந்தாவது ஆள் என்பதை எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்றான். பூவரசன் வீட்டுப்பாடத்தை ஒழிக்கச் சொன்னான்.

அவர்கள் சொன்னதில் ஒரு எழுத்துக் கூடத் தப்பில்லை. பரீட்சையில் எழுதியிருந்தால் முழு மார்க் போட்டிருப்பேன். நேரில் சொன்னதால் சாக்பீஸை எடுத்து அடிக்கலாமா என்று இருந்தது. என் பிழைப்பு பதினாலு வால்களின் கையில் என்பதை நானே உதாரணத்தோடு விளக்கியிருக்கிறேன். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

கலைமதி உட்கார்ந்த இடத்திலிருந்தே திரும்பிப் பார்த்தாள்.

“பூவரசா, நீ போறதுன்னா எங்கடா போவ?”

“பயாலஜிக்கு.”

“அங்க தவளைக்கு எத்தனை ரத்தக்குழாய்னு படம் வரைஞ்சு பேரு எழுதணும். நீ மூணு வருஷமா இதயத்தையே பலாப்பழம் மாதிரிதான வரையற.” பிறகு மற்றவர்களைப் பார்த்தாள். “குரூப்பை மூடுனா டீச்சருக்குப் பென்னாகரம். நமக்கு? கணக்கு குரூப்பு, இல்லாட்டி கம்பைநல்லூர் பஸ்ஸு. மாடு விக்கிறவன் போறேன் போறேன்னு சொல்லலாம். மாட்டைப் புடிச்சிக்கிட்டுப் போறதுக்கு வேற சந்தை இருக்கணுமில்ல.”

பூவரசன் உட்கார்ந்தான். அவனைத் தொடர்ந்து ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். பிரியதர்ஷினி மட்டும், ஃபேன் விஷயத்தைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்றாள். மாற்று வழி இல்லாதவனின் மிரட்டலுக்கு விலை இல்லை என்பது எனக்குக் கல்லூரியில் மூன்று மாதம் நடத்திய பாடம். இவள் ஒரு மாட்டை வைத்து முடித்துவிட்டாள்.

வகுப்பு முடிந்ததும் மூன்றாவது கோரிக்கையோடு வந்தாள். என் கைமேல் துண்டைப் போட்டாள்.

“நாளைக்கு வியாழக்கிழமைங்க டீச்சர், சந்தை. புத்தகத்துல சந்தைன்னு படிச்சாப் பத்தாது, நேருல வந்து பாடம் நடத்தணும்னு சொல்றான். எல்லாரையும் கூட்டிக்கிட்டு.”

“இதுவும் அவன் கேட்டதா?”

“கடைசி இதானுங்க. இதோட முடிஞ்சுது.”

கடைசி விரலையும் கொடுத்தேன். அவள் அதை உடனே விடவில்லை. யாவாரம் முடிந்த நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன்.

தர்மன் சாரிடம் களப்பயணம் என்று எழுதிக் கொடுத்து, மறுநாள் காலை பத்து மணிக்குப் பதினாலு பேரையும் திருமாலையும் நடத்திக்கொண்டு சந்தை மைதானத்துக்குப் போனேன். சந்தை எங்கள் பள்ளிக்கூடத்துக்கு நேர் பின்னால்தான். புளியமரத்து நிழலில் மாடுகள் வரிசையாகக் கட்டியிருந்தன. எங்கே பார்த்தாலும் தோளில் துண்டு. இரண்டு பேர் கையைக் கோத்துத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு எங்கேயோ வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். திடீரென்று ஒருவர் முகம் சுளிப்பார், இன்னொருவர் சிரிப்பார்.

மாட்டின் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்த நஞ்சப்பன் எங்களைப் பார்த்ததும் வாயை மூடிவிட்டு வந்தார், மாட்டின் வாயை. பெரிய மீசை. நல்ல உயரம்.

“வாங்க டீச்சரம்மா. பள்ளிக்கூடமே வந்திருக்குது.”

“உங்க பொண்ணு கிளாஸுக்கே பாடம் நடத்துதுங்க. எங்க கத்துக்கிச்சுன்னு பாக்க வந்தோம்” என்றேன். பாராட்டுவதில் எனக்குக் கஞ்சத்தனம் உண்டு. ஆனால் முந்தின நாள் அவள் என்னைக் காப்பாற்றியிருந்தாள். அதனால் சுற்றி நின்ற தரகர்களுக்கும் கேட்கும்படி, இந்த மாதிரி ஒரு பிள்ளையைப் பன்னிரண்டு வருஷத்தில் பார்த்ததில்லை, காலேஜில் பொருளாதாரம் படித்தால் பெரிய இடத்துக்குப் போவாள் என்று சொன்னேன். கூட்டத்தில் ஒரு கிழவர், “நஞ்சப்பா, உன் பொண்ணுக்கு டீச்சரே சந்தைக்கு வந்து சர்டிபிகேட் குடுக்குதே” என்றார். நஞ்சப்பன் மீசையைத் தடவிக்கொண்டார். அவர் முகத்தில் பெருமை இருந்தது. சங்கடமும் இருந்தது, அதற்குக் காரணம் எனக்குப் புரியவில்லை.

துண்டு பேரத்தைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுங்கள் என்று கேட்டேன். அவர் ஆள் தேடினார்.

“நான் வரட்டுங்களா அப்பா?” என்று கலைமதி முன்னால் வந்தாள். “இந்தச் செவலை மாட்டுக்குப் பேசற மாதிரி.”

அவர் துண்டைப் போட்டார். இரண்டு கையும் அதற்குள் மறைந்தன. “வாயில எதுவும் வராது, மூஞ்சியைப் பாருங்க” என்று பிள்ளைகளிடம் சொன்னார். பிறகு அவள் விரலைப் பிடித்திருப்பாள் போல, அவர் சட்டென்று அவளைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. தலையை இல்லை என்று ஆட்டினார். துண்டு அசைந்தது. அவள் மாட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் மறுபடியும் தலையாட்டினார். இந்த முறை மெதுவாக.

“யாரு செயிக்கறாங்க?” என்று பூவரசன் என் காதில் கேட்டான். பேசாமல் பார் என்றேன். நடிப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். மாட்டுக்காரர் கூட மாட்டை விட்டுவிட்டு இவர்களைப் பார்த்தார். வெயில் ஏறியது. அந்தக் கிழவர், “முடிப்பா, புள்ளைங்க நிக்குது” என்றார். நஞ்சப்பன் ஒருமுறை என்னைப் பார்த்தார், சுற்றி நின்ற தரகர்களைப் பார்த்தார், நீளமாக மூச்சு விட்டார்.

“சரி, முடிஞ்சுது” என்று துண்டை உதறித் தோளில் போட்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள். எவ்வளவுக்கு முடிந்தது என்று மாதவராஜ் கேட்டான்.

“அதைச் சொன்னா நான் தரகனா?” என்றார். பிறகு, பாடத்துக்கு ஆகட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, “பேச்சு முழுசா முடிஞ்சா கையை விட்டுரணும் தம்பி. கையை விடலைன்னா இன்னும் பேச்சு பாக்கி இருக்குதுன்னு அர்த்தம். எங்க வழக்கம்” என்று சொன்னார். அப்படிச் சொல்லிவிட்டு எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கித் தருவதற்காகக் கடைப்பக்கம் நடந்தார். கலைமதியும் கூடவே போனாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்குத் தர்மன் சார் அறையில் நின்றேன். பட்டியல் அவர் மேஜையில் இருந்தது. கலைமதி திருமாலைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து, எட்டாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினாள். குரூப் மாற்றிக் கேட்டுத் திருமால் எழுதிய கடிதம். கீழே அவன் அம்மா ராமக்காவின் கையெழுத்து. நான் ஆசையாக வாங்கிப் படித்தேன். தேதியைப் பார்த்ததும் ஆசை போய்விட்டது.

“திங்கக்கிழமை எழுதினதா இது?”

“ஆமாங்க டீச்சர்” என்றான் திருமால். “போண்டா அன்னிக்கு மத்தியானமே எழுதிட்டேன். அம்மா அன்னிக்கு விடுதிக்கு வந்திருந்துச்சு, கையெழுத்து வாங்கிட்டேன். இந்தப் புள்ள ஆபீஸ்ல குடுக்கறேன்னு வாங்கிக்கிச்சு.”

“அப்ப போண்டா வேணும்னு கேட்டது?”

“யாருங்க?”

“திங்கக்கிழமை டெஸ்ட் வேணாம்னது?”

“டெஸ்ட் வெப்பீங்களா டீச்சர்?” என்று அவன் பயந்துபோய்க் கேட்டான்.

எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறியது. வருகிறவன் சும்மா வருகிறான், வாங்குகிறவள் எதை வேண்டுமானாலும் கொடுப்பாள். நடுவில் இருந்த லாபம் முழுவதையும் ஒரு துண்டை வைத்துக்கொண்டு இந்தப் பெண் அள்ளியிருக்கிறாள். ஒரு வாரம் என் ரத்தத்தைச் சுண்ட வைத்திருக்கிறாள். கத்துவதற்கு வாயைத் திறந்தேன். ஆனால் முதலில் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. நான்கு நாளாக என்னை உறுத்தியது.

“திருமால், பயாலஜியை விட்டுட்டு ஏன் வர? எனக்காக வராத.”

“உங்களுக்காக இல்லீங்க டீச்சர்” என்று சட்டென்று சொன்னான். கொஞ்சம் வலித்தது. “எங்க மலையில சாமையை ஒரு ஆளுதான் வந்து வாங்குவாரு. அவரு சொல்றதுதான் வெல. அதே சாமை அரூர் கடையில மூணு மடங்கு. ஏன்னு கேட்டா எங்கப்பாவுக்குத் தெரியல, பயாலஜி சாருக்கும் தெரியல. உங்க கிளாஸ்ல சொல்லுவீங்கன்னு தோணுச்சு.”

சொல்வேன். அதற்குத்தானே இருக்கிறேன். அவனை அனுப்பிவிட்டு, கலைமதியின் பக்கம் திரும்பினேன். அதற்குள் தர்மன் சார் தொண்டையைக் கனைத்தார்.

“டீச்சர், கோவப்படாதீங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லல. திங்கக்கிழமை மத்தியானம் நஞ்சப்பன் போன் பண்ணினாரு. பொண்ணுக்கு டி.சி. வேணும், பெங்களூர் அனுப்பறேன்னாரு. அப்ப உங்க குரூப்பு பதிமூணுதான். திருமால் வந்தாலும் பதினாலு. நீங்க மயக்கம் போட்டுருவீங்கன்னு சொல்லல.”

“இப்பச் சொல்றீங்க?”

“இப்பச் சொல்லலாமுங்க. நேத்து மத்தியானம் மறுபடியும் போன் பண்ணி டி.சி. வேணாம்னுட்டாரு.” பட்டியலில் பதினைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நான் கலைமதியை வெளியே வராந்தாவுக்குக் கூட்டி வந்தேன். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

“அத்தையோட ரெட்டைப் புள்ளையைப் பாத்துக்கவா?”

“ஆமாங்க.”

“என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே. நான் உங்கப்பாகிட்ட வந்து பேசியிருப்பேனே.”

“நீங்க வூட்டுக்கு வந்து பேசியிருந்தா அப்பா தலையை ஆட்டிட்டு அனுப்பிருப்பாருங்க. நீங்களும் சத்தம் போட்டிருப்பீங்க.” என் கையைப் பார்த்துச் சொன்னாள். “சந்தையில நாலு பேரு முன்னாடி டீச்சரு வந்து என்னைப் பத்திப் பெருமையாப் பேசுனா, அப்புறம் அவரால லேசுல மாட்டேன்னு சொல்ல முடியாதுன்னு தெரியும். ஆனா எனக்காக வாங்கன்னு கூப்பிட்டா நீங்க அப்பிடிப் பேச மாட்டீங்க, சண்டை போட வருவீங்க. அதான் திருமால் கேட்டான்னு சொன்னேன். மொதல் ரெண்டும் சும்மாங்க. மூணாவது மட்டும் கேட்டிருந்தா சந்தேகப்பட்டிருப்பீங்க.”

“சும்மாவா? வெள்ளிக்கிழமைதோறும் பதினஞ்சு பேருக்குப் போண்டா.”

“தரகுங்க டீச்சர்” என்றாள், கொஞ்சமும் சிரிக்காமல்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் திட்டிச் சமாளித்திருப்பேன்.

“நேத்து துண்டுக்குள்ள பேசுனது செவலை மாட்டைப் பத்தி இல்ல.”

“இல்லீங்க. வருஷம்.” கையை விரித்துக் காட்டினாள். “நான் அஞ்சு கேட்டேன். பிளஸ் டூ வரைக்கும் ரெண்டு, காலேஜ் மூணு. அவரு ஒண்ணும் இல்லைன்னாரு. அப்புறம் ஒண்ணு. மறுபடியும் நான் அஞ்சு விரலையும் புடிச்சேன். கடைசியா ரெண்டுக்கு வந்தாரு.”

“ரெண்டுல முடிஞ்சு போச்சா?”

அவள் முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“துண்டைத்தானுங்க டீச்சர் எடுத்தாரு.”

நேற்று அப்பாவும் மகளும் டீக்கடைக்கு நடந்துபோனதை நினைத்துப் பார்த்தேன். முன்னால் அவர், பக்கத்தில் இவள். தோளில் துண்டு கிடந்தது. மைதானம் முழுக்க, மாட்டுக் கூட்டத்துக்கு நடுவே, இடது கையால் கூட்டத்தை விலக்கிக்கொண்டே போனார். வலது கையில் மகளின் விரல்களைப் பிடித்திருந்தார். நான் அதை அப்பா பிள்ளைப் பாசம் என்று பார்த்துவிட்டு, பூவரசன் எத்தனை வடை எடுக்கிறான் என்று கணக்குப் பார்க்கப் போய்விட்டேன்.

கேட் பக்கத்தில் மாரியப்பன் தாம்பாளத்தோடு வருவது தெரிந்தது. முதல் வெள்ளிக்கிழமை. வகுப்பில் பதினாலு பேர் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது. நான் கலைமதியின் பையிலிருந்து அந்தத் துண்டைக் கேட்டு வாங்கி என் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன். இரண்டு வருஷம் கழித்து எடுக்க வேண்டும்.